தகரத்தில் வெட்டிய தமிழ்

(காரைக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு எழுத்து வடிவம். நெல் மூட்டையின் மேலும், மின்கம்பத்தின் இடுப்பிலும், சரக்கு ரயில் பெட்டியின் ஓரத்திலும், 'விளம்பரம் செய்யாதீர்' என்று எச்சரிக்கும் மதில் சுவரிலும் நாம் நாள்தோறும் பார்க்கிற எழுத்து. தகரத்திலோ அட்டையிலோ பழைய எக்ஸ்ரே பிலிமிலோ எழுத்தை வெட்டி எடுத்து, அந்தத் துளையின் மேல் பெயிண்டைத் தட்டினால் பதிகிறதே, அதுதான். ஸ்டென்சில் எழுத்து என்கிறோம். தடித்த கோடு, அலங்காரம் கிடையாது, ஓரம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், நடுநடுவே விட்டுவிட்டு நிற்கும். யாரும் இதை அழகென்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்கிறேன், இது அழகான எழுத்து. தமிழுக்கு இதில் முறையாக வரைந்த ஒரு எழுத்துரு வேண்டும், அதை வரைவதற்குச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான மண் வேறில்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் இந்த எழுத்து ஏன் விட்டுவிட்டு நிற்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு தகரத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தை வட்டமாக வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் நடுவிலுள்ள வில்லை கீழே விழுந்துவிடும். மிஞ்சுவது வெறும் ஓட்டை. அந்த வில்லையை வெளித்தகட்டோடு பிடித்துவைக்க ஒரு சின்னத் துண்டை வெட்டாமல் விட வேண்டும். அந்தத் துண்டைப் பாலம் என்று சொல்லுவோம். பாலம் இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஏறாது. அதனால்தான் எழுத்தில் இடைவெளி. பாலம் மெலிதாக இருந்தால் பத்து மூட்டை அடிப்பதற்குள் வளைந்து கிழிந்துவிடும். தடிமனாக இருந்தால் எழுத்து இரண்டாகப் பிளந்துபோகும். பெயிண்டைத் தாராளமாக எடுத்தால் தகட்டுக்கு அடியில் கசிந்து ஓரமெல்லாம் மீசை முளைக்கும். அதனால் கை தெரிந்தவர்கள் பிரஷ்ஷை முக்கியவுடன் ஒரு துணியில் ஒற்றிவிட்டு, இழுக்காமல், நேராகக் குத்திக் குத்தி எடுப்பார்கள். சாக்கின் நெசவு முரடாக இருப்பதால் எழுத்தின் ஓரமும் முரடாகிறது. ஆக அந்தக் கரடுமுரடு முழுவதும் தகரமும் சாக்கும் பெயிண்டும் சேர்ந்து கொடுத்தது. யாரும் ஒப்பனையாகச் சேர்த்ததில்லை.

பாலம் தேவைப்படாத வழிகளும் உண்டு. அந்தக் காலத்து அலுவலகங்களில் சைக்ளோஸ்டைல் என்ற படியெடுக்கும் முறை இருந்தது. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்வதை 'ஸ்டென்சில் வெட்டுவது' என்றுதான் சொல்வோம். இங்கே அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் வினாத்தாளுக்காக அதை வெட்டியிருப்பீர்கள். அந்தத் தாளில் நாரிழை இருந்ததால் வட்டத்தின் நடுப்பகுதி விழாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் அப்படித்தான், சல்லடைத் துணி தாங்கிக்கொள்ளும். தகரத்துக்குத் தாங்க ஆளில்லை. அதற்குப் பாலம் கட்டாயம்.

மேல்நாட்டில் இந்த எழுத்து அச்சுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் யோசெப் ஆல்பர்ஸ் 1920களில் சதுரம், முக்கோணம், கால்வட்டம் என்ற மூன்றே வடிவங்களை வைத்து ஒரு ஸ்டென்சில் எழுத்தைக் கட்டினார். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே தம் வரைபடங்களில் ஸ்டென்சில் தகட்டால் எழுதினார். 1937-ல் அமெரிக்காவில் இரண்டு எழுத்து வார்ப்பு நிறுவனங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக 'ஸ்டென்சில்' என்ற ஒரே பெயரில் எழுத்துரு வெளியிட்டன. லட்லோவுக்காக ராபர்ட் ஹன்டர் மிடில்டன் ஒன்று வரைந்தார், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக ஜெர்ரி பவல் ஒன்று வரைந்தார். மரப்பெட்டியில் பெயிண்டால் அடித்த எழுத்து ஈயத்தில் ஏறி, தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் உரியதானது. பொடி எழுத்துக்கு இது உதவாது. சின்ன அளவில் அடித்தால் இடைவெளி அச்சுப்பிழை போலத் தெரியும். பெரிதாகப் போட்டால்தான் அது ஒரு தோரணையாகத் தெரியும்.

அதே 1937-ல், பிப்ரவரி 10-ஆம் தேதி, மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார். இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் சேர்த்துச் சொல்கிறேன். கடல் தாண்டிச் சரக்கும் பணமும் போய்வந்த ஊர் இது. போகிற சரக்கின் மேல் உடையவர் அடையாளம், சேர வேண்டிய துறைமுகம், பெட்டி எண் ஆகிய மூன்றையும் அடித்து அனுப்புவது உலகெங்கும் கப்பல் வணிகத்தின் வழக்கம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஸ்வீடனின் எனாமல் பாத்திரங்களும் வந்திறங்கிய வீடுகள் இந்தச் செட்டிநாட்டு வீடுகள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஒரே மாதிரி டிரங்குப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் குவியும் துறைமுகத்தில் தன் பெட்டி எது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க எழுத்துதான் துணை.

செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் மரபில் அந்த எழுத்துக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. விலாசம் என்று சொல்வீர்கள். முன்னோர் பெயர், தன் பெயர் ஆகியவற்றின் தலையெழுத்துகளைக் கோத்தால் அது ஒரு நிறுவனத்தின் பெயர், ஒரு குடும்பத்தின் நாணயம். அந்தச் சில எழுத்துகளை நம்பித்தான் கடல் கடந்த ஊரில் உண்டியல் பத்திரம் பணமாக மாறியது. காரைக்குடியில் பிறந்த மெய்யப்பனின் ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்து தென்னிந்தியா முழுவதும் திரையில் ஒளிர்ந்தது. அவருடைய ஸ்டுடியோவும் சில ஆண்டுகள் இந்த ஊரில்தான் இயங்கியது. தமிழில் எழுதும்போது இந்தத் தலையெழுத்துகள் ஆங்கிலம் போல ஒற்றை எழுத்தோடு நிற்பதில்லை. அழ. வள்ளியப்பா, ராய. சொக்கலிங்கம், வயி.சு. சண்முகம், சோம.லெ. என்று எழுதுகிறோம். அழ, ராய, வயி, சோம. பாதிச் சொல்லாகவே வந்து நிற்கின்றன. இவற்றைத் தகரத்தில் வெட்டிப் பாருங்கள். ஆங்கிலத் தகடு வெட்டிப் பழகிய கைக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். தமிழ் எழுத்துகளைத் தகரத்தோடு வைத்துப் பார்ப்போம்.

ட, ப, ய, ர. இந்த நான்கிலும் மூடிய வயிறு கிடையாது. துணைக்காலுக்கும் கிடையாது. பார், யார், பாய் என்று வெட்டினால் எந்தத் துண்டும் விழாது, ஒரு பாலமும் வேண்டாம். மெய்யின் தலையிலுள்ள புள்ளி இன்னும் எளிது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் பழைய சுவடிகளைப் படிப்பவர்கள் இன்றும் திண்டாடுகிறார்கள். தகரத்திலோ பொத்தலே எழுத்து. ஓர் ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் புள்ளி பிறந்துவிடும். ஓலை மறுத்ததைத் தகரம் மகிழ்ச்சியோடு தருகிறது. ஆய்த எழுத்துக்கு மூன்று தட்டு. நம் நெடுங்கணக்கிலேயே ஸ்டென்சிலுக்கென்று பிறந்தது போன்ற எழுத்து அதுதான்.

க, ச, த, வ, ம ஆகியவற்றில் மூடிய வயிறு உண்டு. இவற்றுக்குப் பாலம் வேண்டும். எங்கே போடுவது? இதுதான் கேள்வி. மேல்நாட்டு ஸ்டென்சில் எழுத்துகளில் பெரும்பாலும் எழுத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்ததுபோல் பாலம் வைப்பார்கள். வட்டமும் நேர்கோடும் நிறைந்த அவர்களுடைய பெரிய எழுத்துகளுக்கு அது பொருந்துகிறது. அதை அப்படியே கொண்டுவந்து தமிழ் எழுத்தின் நடுவில் கத்திபோல் இறக்கினால் எழுத்து செத்துவிடுகிறது. தமிழ் எழுத்து சுழியிலிருந்து புறப்பட்டு வளைந்து ஓடுகிற எழுத்து. ஒவ்வொன்றுக்கும் கை போகும் வழி என்று ஒன்று உண்டு. ம எழுதும்போது கோடு கீழே இறங்கி, வலப்பக்கம் நகர்ந்து, மேலே ஏறி, உள்ளே திரும்பி, கடைசியில் அடிக்கோட்டைத் தொட்டு முடிகிறது. அந்தத் தொடும் இடத்தில் பாலத்தை வையுங்கள். கை எழுதி முடிக்க ஒரு மயிரிழை பாக்கி இருக்கும்போது நிறுத்தியது போல இருக்கும். படிப்பவரின் கண் மிச்சத்தை முடித்துக்கொள்ளும். வ என்ற எழுத்தில் வயிறு அடிக்கோட்டோடு சேரும் இடம், த என்ற எழுத்தில் வளைவு திரும்பி வந்து தண்டைச் சேரும் இடம். எங்கே ஒரு கோடு இன்னொன்றைத் தொடுகிறதோ அங்கே விடு, ஓடுகிற கோட்டை நடுவில் வெட்டாதே. நான் கண்ட வரையில் தமிழ் ஸ்டென்சிலுக்கு இந்த ஒரு விதி போதும்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ண, ன இரண்டையும் பாருங்கள். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சுழிகளுக்கு நடுவே தவறான இடத்தில் பாலம் விழுந்தாலோ, பெயிண்ட் நிரம்பி ஒரு சுழி அடைந்துபோனாலோ, மூன்று சுழி இரண்டாகத் தெரியும். மணம் மனமாகிவிடும். ஒ, ஓ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள ஒரு சின்னச் சுழி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடும் ஒரு சுழிதான். குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் இப்படித் தெளிவாக்கிய சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கவனமில்லாமல் வெட்டிய ஒரு தகடு நம்மை அவர் காலத்துக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கே நினைக்க வேண்டும். பெரியார் 1935-ல் 'குடிஅரசு' இதழில் புதிய வடிவங்களை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1978-ல் தமிழ்நாட்டு அரசு அவற்றில் பெரும்பாலானவற்றை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்கள் நீங்கி, எல்லாம் ஒரே ஒழுங்குக்குள் வந்தன. தட்டச்சும் அச்சுக்கோப்பும் எளிதாயின என்று எல்லோரும் சொல்வார்கள். தகடு வெட்டுபவருக்கும் எளிதாயிற்று என்று நான் சேர்த்துச் சொல்கிறேன். துணைக்காலும் ஐகாரக் கொம்பும் தனித்தனித் தகடாக இருந்தால் எந்த எழுத்தோடும் வைத்து அடிக்கலாம். அதே சமயம், யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய லை, ளை இருக்கும் பெட்டியையோ பலகையையோ பார்த்தால் அதை அழித்துப் புதிதாக எழுதிவிடாதீர்கள். அது 1978-க்கு முற்பட்ட கையாக இருக்க வாய்ப்பு அதிகம். வரலாற்றுச் சான்று அது.

விட்டுவிட்டு நிற்கும் எழுத்தைத் தமிழர் படிப்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுச் சமையற்கட்டுக்குப் போங்கள். எவர்சில்வர் குடத்திலும் பித்தளை அண்டாவிலும் பெயர் வெட்டியிருக்கும். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதிய எழுத்து. ஒரு கோடுகூட முழுதாக இருக்காது, எல்லாம் புள்ளிதான். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது எந்தச் சட்டி எந்த வீட்டுப் பெண்ணுடையது என்று எழுபது வயது ஆச்சி கண்ணாடி போடாமல் சொல்லிவிடுகிறார். முறிந்த எழுத்தைச் சேர்த்துப் படிக்கும் கண் நமக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

சிமெண்டுத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனாலும் இந்தக் கலையின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். கண்ணாடிப் பலகையின் மேல் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். தகரத்தின் பாலம் எழுத்தில் இடைவெளியை விட்டுப் போகிறது. ஆத்தங்குடி அச்சின் தடுப்பு இடைவெளி விடாமல் விலகிவிடுகிறது. உலோகத் தகட்டால் நிறத்தை அடக்கத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

எழுத்தை வரைந்து பிழைத்த ஒருவரையும் இங்கே வணங்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழிலால் அவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அந்தக் கையோடு பழைய புத்தகங்களையும் இதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்துக்கொண்டே போனார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைப் பெற்றது. 1994 முதல் சென்னையில் அது அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நாடக நோட்டீசையும் திருமண அழைப்பையும்கூட எறியாமல் வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எழுத்தின் உருவத்தைத் தினமும் பார்த்துப் பழகிய கண் அது.

இப்போது அக்கரைச் செய்தி ஒன்று. இலங்கையின் காலி கோட்டையில் 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்ற சுவரொட்டிக் கூடம் உருவானது. சுவரில் நோட்டீஸ் ஒட்டாதே என்று ஸ்டென்சிலில் அடிக்கும் வாசகமே அதன் பெயர். அந்தக் கூடத்துக்காக, கரடுமுரடும் குறும்பும் கலந்த ஒரு ஸ்டென்சில் எழுத்துருவைக் கோசல செனவிரத்ன வரைந்தார். கொழும்பைச் சேர்ந்த மூனியாக் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு அதை வளர்த்தெடுத்தது. இன்று அது கூகுள் எழுத்துருத் தொகுப்பில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சிங்களம் இருக்கிறது, இலத்தீன் எழுத்து இருக்கிறது, தமிழ் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தம் எழுத்தின் வளைவுகளை ஆராய்ந்து, எங்கே பாலம் வைப்பது என்று தீர்மானித்து, ஒழுங்காகச் செய்து, திறந்த உரிமத்தில் கொடுத்தும்விட்டார்கள். வேண்டுமானால் தமிழை நாமே சேர்த்துக்கொள்ளலாம். கதவு திறந்துதான் இருக்கிறது, போகத்தான் ஆளில்லை. சிங்களமும் நம்மைப் போலச் சுழியும் வளைவுமான எழுத்து. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

சரி, இந்தக் காலத்தில் யார் தகரம் வெட்டப் போகிறார்கள், இந்த எழுத்துரு யாருக்கு என்று கேட்கலாம். முன்னைவிட இப்போதுதான் தேவை அதிகம். ஊர் முழுக்க லேசர் கட்டிங் கடைகள் வந்துவிட்டன. வீட்டு கேட்டில் குடும்பப் பெயர், கடை முகப்பில் இரும்புத் தகட்டில் வெட்டி உள்ளே விளக்குப் போட்ட பெயர், எல்லாம் தகட்டைத் துளைத்து வெட்டுவதுதான். சாதாரண எழுத்துருவைக் கணினியில் போட்டு வெட்டினால் க, ம, வ எல்லாவற்றின் வயிறும் உதிர்ந்துவிடும். அதனால் கடையில் இருக்கும் இளைஞர் தமக்குத் தோன்றிய இடத்தில் தோன்றிய அகலத்தில் பாலம் போடுகிறார். ஒரே பெயரில் இரண்டு ம வந்தால் இரண்டிலும் இரண்டு விதம். அவர் மேல் குற்றமில்லை. அவர் கையில் கொடுக்க, நான் அறிந்த வரை, நம்மிடம் ஒரு நல்ல தமிழ் ஸ்டென்சில் எழுத்துரு இல்லை. ஆயிரக்கணக்கான ரூபாய் செலவழித்துப் போடும் கேட்டில் தாத்தாவின் பெயர் பல்லுடைந்து நிற்கிறது.

எனவே இங்குள்ள கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். மூன்று நான்கு பேராகச் சேருங்கள். அரிசி ஆலைக்குப் போங்கள், முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போங்கள், மதில் சுவர்களைப் படம் எடுங்கள். தமிழில் வெட்டிய தகடு எது கிடைத்தாலும் அளந்து வையுங்கள், எழுத்தின் உயரம் என்ன, கோட்டின் அகலம் என்ன, பாலத்தின் அகலம் என்ன என்று. பெயர் தெரியாத அந்த வெட்டுக்காரர்கள் எங்கே பாலம் வைத்தார்கள் என்பதைப் பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். பிறகு உயிர் 12, மெய் 18, ஆய்தம், கொம்பு, துணைக்கால், உகர ஊகார வடிவங்கள் என்று ஒவ்வொன்றாக வரையுங்கள். கு, கூ, டி, டீ இவற்றில்தான் அதிக நேரம் பிடிக்கும், சலித்துவிடாதீர்கள். வரைந்ததை முதலில் தகரத்தில் வெட்டி ஒரு சாக்கில் அடித்துப் பாருங்கள். கணினித் திரையில் நன்றாக இருப்பது சாக்கில் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முடித்ததைத் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள், லேசர் கடைக்காரருக்கு முதலில் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டக அறையிலோ பரணிலோ விலாசம் வெட்டிய பழைய தகடு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போடத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்து, தகட்டின் மேல் மையைத் தட்டி ஒரு படி எடுத்து வையுங்கள். தாளின் மூலையில் அது எந்த ஊர், யாருடைய விலாசம் என்று எழுதுங்கள். எழுத்துரு வரையப்போகும் பிள்ளைகளுக்கு அந்தத் தாள் போதும்.